நாட்டுத் தர்பூசணியும் மூன்று பானைகளும்

2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பழத்தைக் காம்போடு அறுத்துத் தராசில் வைத்தேன். 3 கிலோ 400 கிராம். கத்தி முனை தோலில் இறங்கியதுமே சர்ரென்று வெடிப்பு முன்னால் ஓடி, பழம் தானாகவே இரண்டாகப் பிளந்தது. உள்ளே நல்ல சிவப்பு, கறுப்பு விதை, நடுவில் வாய் வைத்தால் சர்க்கரை. 2022-லும் 2023-லும் இதே விதை, இதே இடம். மாற்றியது தண்ணீர் விடும் முறையைத்தான், இந்தத் தடவை செடிக்குப் பக்கத்தில் மண்பானையைப் புதைத்து அதில் ஊற்றினேன். அதனால் இந்தப் பதிவு பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியது, உரமும் பூச்சியும் போகிற போக்கில் வரும்.

ஊர் சிவகங்கை. வீட்டின் பின்பக்கம் 14 அடிக்கு 8 அடி செம்மண், ஒன்றரை அடிக்குக் கீழே சரளை. போர் தண்ணீர்தான், உப்பு கூடுதல், வாளியில் இரண்டு நாள் நின்றால் விளிம்பில் வெள்ளைக் கோடு கட்டிவிடும். (இந்த வெள்ளைக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.) விதை ஒரு விதைத் திருவிழாவில் 30 ரூபாய்க்கு வாங்கியது. வெளிர்ப்பச்சையில் கரும்பச்சை வரி ஓடும் நாட்டு ரகம், தோல் கொஞ்சம் தடிமன். கடைப் பழம் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம், அதன் விதையைப் போட்டால் என்ன வரும் என்று நம்ப முடியாது. இதை வேறு ரகத்தோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால் தாயைப் போலவே காய்க்கும், வருஷா வருஷம் விதை நம் கையில் இருக்கும். எனக்கு இந்தக் கொடியின் மேல் இருக்கிற ஆசைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

முதல் வருஷம் ஹோஸ். ஆறு செடி, தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் பத்து நிமிஷம் பீய்ச்சுவேன். தண்ணீர்ப்பழம் என்று பெயரே இருக்கிறதே, தண்ணீர் நிறைய வேண்டும் என்றுதான் நினைத்தேன். கொடி நன்றாகவே ஓடியது. மார்ச் கடைசியில் மத்தியான வெயிலுக்கு இலையெல்லாம் குடை மடக்கின மாதிரி தொங்க ஆரம்பித்தது, தாகம் என்று நினைத்து விடுமுறை நாளில் மத்தியானமும் தண்ணீர் விட்டேன். பத்து நாளில் இரண்டு செடி தண்டின் அடியில், மண்ணைத் தொடும் இடத்தில், பழுப்பாகிக் கொழகொழவென்று அழுகிவிட்டது. பிறகு இன்னும் இரண்டு. மீதி இரண்டில் ஒரே ஒரு பழம், ஒன்றரை கிலோ, உள்ளே வெளிர் ரோஸ், சப்பென்று இருந்தது. எவ்வளவு தண்ணீர் கொட்டினேன் என்று பிறகொரு நாள் அளந்து பார்த்தேன். 20 லிட்டர் வாளி 1 நிமிஷம் 50 விநாடியில் நிறைந்தது. அப்படியானால் பத்து நிமிஷத்துக்கு ஏறக்குறைய 110 லிட்டர், 14 அடிப் பாத்திக்கு, தினமும்.

இரண்டாவது வருஷம் நேர் எதிர்ப் பக்கம் போனேன். இரண்டு லிட்டர் பாட்டில் மூடியில் ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, தலைகீழாகச் செடிக்குப் பக்கத்தில் குத்தி வைத்தேன். ஓட்டை பெரிதாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் காலி, சின்னதாக இருந்தால் செம்மண் அடைத்துக்கொண்டு இரண்டு நாளுக்கு ஒரு சொட்டு இறங்காது. ஒரு நாள் சேறு, ஒரு நாள் புழுதி. காய் எலுமிச்சம்பழ அளவில் இருந்தபோது பூ இருந்த நுனிப் பக்கம் கறுத்துக் குழிந்துபோக ஆரம்பித்தது. பழ ஈ என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். அது இல்லை, சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், முட்டை ஓட்டை மிக்சியில் பொடித்துப் போட்டேன். முட்டை ஓடு மண்ணில் கரைந்து வேருக்குப் போவதற்குள் சீசனே முடிந்துவிடும். மண்ணில் சத்து இருந்தாலும் அதைக் காய் வரைக்கும் கொண்டுபோவது தண்ணீர்தான், அது ஒரு நாள் வந்து ஒரு நாள் நின்றால் காயின் நுனிக்குப் போய்ச் சேராது. இது எனக்குப் புரிந்தது அடுத்த வருஷம், பானை வைத்த பிறகு அந்தக் கறுப்பு ஒரு காயில்கூட வராதபோதுதான்.

அந்த ஏப்ரலில் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். அவர் அந்தக் காலத்தில் கண்மாய் வற்றியதும் உள்ளே வெள்ளரி போட்டவர். மத்தியானம் நான் செம்பை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு, "மத்தியானம் இலை தொங்குறது வெயிலுக்குப்பா, தாகத்துக்கு இல்ல. சாயங்காலம் தானா நிமிரும். காலையில ஆறு மணிக்கு வந்து பாரு, அப்பவும் தொங்கிக்கிட்டு இருந்தா ஊத்து" என்றார். இந்த ஒரு சொல்லை 2022-லேயே யாராவது சொல்லியிருந்தால் நான்கு செடி பிழைத்திருக்கும். இப்போது எனக்கு இதுதான் அளவுகோல். காலையில் எழுந்ததும் முதல் வேலை கொடியைப் பார்ப்பது, இலை விறைப்பாக இருந்தால் அன்றைக்குக் கூடுதலாக ஒரு சொட்டுக் கிடையாது. சந்தேகம் வந்தால் ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரைக்கும் மண்ணில் விட்டுப் பார்ப்பேன், நுனியில் ஈரம் பட்டால் சரி.

பானை யோசனையும் பெரியப்பா பேச்சில் வந்ததுதான். தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் பானையைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைப்பது நம் பக்கத்தில் பழைய பழக்கம், அதையே கொடிக்கும் செய்து பாரேன் என்றார். 2024 ஜனவரியில் ஆரம்பித்தேன். காசு எதற்கு என்று முதலில் பரணில் கிடந்த அம்மாவின் பழைய மீன்குழம்புச் சட்டியைப் புதைத்தேன். அம்மா அப்போதே, "எண்ணெய் குடிச்ச சட்டிடா அது, தண்ணி விடாது" என்றார்கள். கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து மூடியைத் திறந்தால் ஊற்றின தண்ணீர் ஊற்றின அளவிலேயே நிற்கிறது. பல வருஷத்து எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளைகளை எல்லாம் அடைத்து வைத்திருந்தது.

அப்புறம் மானாமதுரைக்குப் பஸ் ஏறினேன். கடத்துக்குப் பேர் போன ஊர், பானைக்குப் பஞ்சம் இல்லை. செடிக்குப் புதைக்க என்று சொன்னதும் கடையில் இருந்த அம்மா பளபளப்பாக இருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, தண்ணீர் குடிக்க வைக்கிற சொரசொரப்பான பானையை எடுத்து வைத்தார். "இதுல மணல் கூடக் கலந்திருக்கும் தம்பி, கசியும். பெயின்ட் அடிச்சத எடுக்காதீங்க." ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல பானை கணீர் என்கிறது, கீறல் விழுந்தது தகரம் தட்டின மாதிரி அடைத்துப்போய் ஒலிக்கிறது. நான்கு வாங்கினேன், ஒன்று 110 ரூபாய். உயரம் 11 அங்குலம், வீட்டில் அளந்தபோது ஏழு லிட்டர் பிடித்தது.

புதைக்கும் முன் செய்த ஒரு சோதனைதான் இந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்தது. நான்கு பானையையும் சிமென்ட் தரையில் வரிசையாக வைத்துச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கழுத்து வரை நிரப்பினேன். அரை மணி நேரத்தில் வயிற்றுப் பக்கம் நிறம் இருண்டது, ஒரு மணி நேரத்தில் கையை வைத்தால் ஜில்லென்று ஈரம். காலை ஆறு மணிக்கு அளவு ஜாடியால் மறுபடி கழுத்து வரை நிரப்பி, எவ்வளவு பிடிக்கிறது என்று குறித்தேன். முதல் பானை 1 லிட்டர் 200 மில்லி, இரண்டாவது 1 லிட்டர் 50 மில்லி, மூன்றாவது 900 மில்லி. நான்காவது முழுக்கக் காலி, தரையில் குளம். வரும் வழியில் பஸ்ஸில் இடித்திருக்க வேண்டும், அடியில் மயிர் மாதிரி ஒரு கீறல். அதை மண்ணில் புதைத்த பிறகு கண்டுபிடித்திருந்தால் ஒரு மாசம் போயிருக்கும். கணக்கையும் பானைக் கழுத்தில் சாக்பீஸால் எழுதி வைத்தேன், அதிகம் கசிகிற பானைக்கு வெயில் படுகிற பக்கம், குறைவானதற்குச் சுவர் நிழல் பக்கம்.

குழி ஒன்றரை அடி ஆழம், ஒன்றேகால் அடி அகலம், மூன்று குழி, நடுவில் நாலு நாலு அடி இடைவெளி. சரளை தட்டியதும் கடப்பாரை வேண்டியிருந்தது. எடுத்த மண்ணோடு குழிக்கு மூன்று கிலோ மண்புழு உரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து, பானையை உள்ளே இறக்கிச் சுற்றிலும் மண்ணை ஈரமாக்கிக் கையால் குத்திக் குத்தி நிரப்பினேன். பானைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் ஈரம் பரவாது. கழுத்து மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் நிற்கட்டும், இல்லாவிட்டால் மழைக்கு மண் உள்ளே போகும். மூடி கட்டாயம். முதல் வாரம் மூடி இல்லாமல் விட்டதில் ஒரு பானையில் கொசுப்புழு, ஒன்றில் தவளை. 25 ரூபாய் மண் மூடி மூன்று வாங்கினேன்.

இங்கேயும் ஒரு தப்பு. ஜனவரி நடுவில் முதல் விதைப்பில் பானையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி விதைத்தேன், வேர் பரவ இடம் வேண்டுமே என்று. முளைக்கும் வரை செம்பால் தெளித்தேன், முளைத்ததும் இனிப் பானை பார்த்துக்கொள்ளும் என்று நிறுத்தினேன். பத்து நாளில் எல்லாம் கருகிவிட்டது. மண்வெட்டியால் பானையை ஒட்டி ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தால், ஈரம் பானையிலிருந்து எட்டு ஒன்பது அங்குலத்தோடு நிற்கிறது, அதற்கு அப்பால் உலர்ந்த செம்மண். கோடு போட்ட மாதிரி நிறம் மாறுகிறது. களிமண்ணில் இது இன்னும் தள்ளிப் போகலாம், மணலாக இருந்தால் குறையலாம், அவரவர் மண்ணில் வெட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பிப்ரவரி 4-ல் மறுபடி விதைத்தேன், இந்த முறை பானை விளிம்பிலிருந்து அரை அடியில், பானைக்கு இரண்டு பக்கமும் இவ்விரண்டு விதை. ஏழாம் நாள் முளைத்தது. பக்கத்துக்கு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளினேன் (பிடுங்கவில்லை, பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்). முதல் பதினைந்து நாள் பானை நிறைந்திருந்தாலும் காலையில் ஆளுக்கு ஒரு டம்ளர் மேலேயும் ஊற்றினேன், குட்டி வேர் பானை வரைக்கும் போய்ச் சேரவேண்டும் அல்லவா. நாலு இலை வந்ததும் மேலே ஊற்றுவதை நிறுத்திவிட்டு வைக்கோல் மூடாக்குப் போட்டேன், மூன்று அங்குலக் கனம். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டே போட்டேன், அழுகல் பயம் இன்னும் போகவில்லை.

தினமும் காலையில் ஒரு மூங்கில் குச்சியைப் பானைக்குள் விட்டு நனைந்த உயரத்தைப் பார்த்து, குறைந்ததை ஒரு லிட்டர் மக்கால் அளந்து நிரப்பி, சமையலறைக் காலண்டரில் எழுதி வந்தேன். பிப்ரவரி கடைசி வரை பானைக்கு நாளுக்கு ஒன்றே கால் லிட்டர் போதும். மார்ச் 12-ல் முதல் ஆண் பூ. 20-ஐ ஒட்டிப் பெண் பூ, பூவுக்குக் கீழே சுண்டைக்காய் மாதிரி பிஞ்சு இருக்கும், அதை வைத்து அடையாளம். அப்போது மூன்று லிட்டர். மார்ச் 24 காலை ஏழு மணிக்கு ஆண் பூவின் இதழை உரித்துப் பெண் பூவின் நடுவில் தடவினேன். விதைக்கு என்று வைத்த இரண்டு பூவை மட்டும் முந்தின சாயங்காலமே நூலால் லேசாகக் கட்டி, காலையில் அவிழ்த்துத் தடவி மறுபடி கட்டினேன், அந்த ஆண் பூவையும் அப்படியே முந்தின நாளே கட்டி வைத்ததுதான். தேனீ வேறு வீட்டு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் மேலே தண்ணீர் படாமல் இருப்பதும் பானையால் கிடைத்த லாபம், பூ நனைவதே இல்லை.

காய் டென்னிஸ் பந்து அளவுக்கு வந்ததும் கணக்கு எகிறியது, ஏப்ரல் முதல் வாரம் பானைக்கு ஐந்து லிட்டர். அந்த ஏப்ரலில் மதுரைப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாரம் ஒரு வினோதம், பானையில் குறைகிற தண்ணீர் ஐந்திலிருந்து மூன்று லிட்டராக இறங்கிவிட்டது. செடிக்குப் போதும் போலிருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன். ஏப்ரல் 11 காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் இலை தொங்குகிறது. பெரியப்பா சொன்ன காலை அடையாளம், இந்த வருஷம் முதல் தடவை. பானைக்குள் கையை விட்டுத் தடவினால் சுவர் வழவழப்பு, கழுத்தில் வெள்ளைப் படிவு. முந்தின வாரம் மீன் அமிலத்தை (மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கிற உரக் கரைசல்) தண்ணீரில் கரைத்துப் பானைக்குள்ளேயே ஊற்றியிருந்தேன், வேருக்கு நேராகப் போகட்டும் என்று. அந்தக் கொழகொழப்பும் போர் தண்ணீர் உப்பும் சேர்ந்து துளையை அடைத்துவிட்டன. கொடி படர்ந்துவிட்டதால் பானையைத் தோண்டி எடுக்கவும் முடியாது. இருந்த தண்ணீரை மொண்டுவிட்டு, தேங்காய் நாரால் உள்பக்கம் தேய்த்து, புளி கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து, அதையும் மொண்டு எடுத்துவிட்டு மறுபடி தேய்த்தேன். மூன்று பானைக்கும் சேர்த்து ஒரு முழுக் காலை. அடுத்த நாள் நாலு லிட்டருக்கு ஏறியது, பழையபடி ஐந்து வரவேயில்லை.

அதற்குள் இன்னொன்றும் தெரிந்துவிட்டது. கொடி பத்து அடி ஓடிவிட்ட பிறகு பானை மட்டும் போதாது. வேர் பானையைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது, அங்கே ஈரம் இல்லை. மூன்று நாளுக்கு ஒரு தடவை சாயங்காலம், பானையிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாக, மூடாக்குக்கு அடியில் போகும்படி பத்து லிட்டர் ஊற்ற ஆரம்பித்தேன். மூன்று பானைக்கும் சேர்த்து உச்சக் கட்டத்தில்கூட நாளுக்கு 25 லிட்டரைத் தாண்டவில்லை. 2022-ல் கொட்டின 110 லிட்டரை நினைத்தால் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது, கோடையில் போர் வற்றுகிற ஊர் இது.

பழுக்கிற சமயம் தண்ணீரைக் குறைத்தால் இனிப்புக் கூடும் என்பார்கள். ஏப்ரல் 20 முதல் ஒன்றாம் பானைக்கு இரண்டு லிட்டர் மட்டும், வெளிவட்டமும் கிடையாது. மூன்றாம் பானைக்கு மட்டும் வழக்கம்போல் விட்டேன். அறுத்த அடையாளம் மூன்று: காய்க் காம்புக்குப் பக்கத்துச் சுருள் காய்ந்து கம்பி ஆனது, மண்ணில் பட்ட இடம் வெள்ளையிலிருந்து வெண்ணெய் மஞ்சளுக்கு மாறியது, தட்டினால் ஒலி கனத்தது. ஒன்றாம் பானைப் பழம்தான் அந்த 3 கிலோ 400. மூன்றாம் பானைப் பழத்தை அடுத்த நாள் அறுத்தேன், 4 கிலோ 100, பெரிசு, நிறமும் சரி, ஆனால் இனிப்பு ஒரு படி கீழே. வீட்டில் ஐந்து பேருக்கும் எது எது என்று சொல்லாமல் கொடுத்தேன், ஐந்து பேரும் சின்னதைத்தான் காட்டினார்கள். ஒவ்வொரு பழம்தான், அடுத்த வருஷமும் செய்து பார்க்க வேண்டும்.

நடுப் பானையில் ஒன்று 2 கிலோ 800, பிறகு கடைசியாக 1 கிலோ 600-ல் ஒன்று. ஐந்தாவது போயிற்று. மே மூன்றாம் வாரம் திடீர்க் கோடை மழை இறங்கியதே, அந்தச் சாயங்காலம்தான் மூன்று பானையையும் கழுத்து வரை நிரப்பி, வெளிவட்டமும் ஊற்றியிருந்தேன். வானம் கறுத்திருந்ததைப் பார்த்தும் நிரப்பினேன். காலையில் காயின் பக்கவாட்டில் காம்பிலிருந்து நுனி வரைக்கும் ஒரு பிளவு, எறும்பு வரிசை உள்ளே போய்க்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து நாளில் அறுக்க வேண்டிய பழம். அம்மா அதைத் துண்டு போட்டுக் கூட்டு வைத்தார்கள், வெள்ளைப் பகுதி சுரைக்காய் மாதிரி நன்றாகவே இருந்தது.

செலவு: பானை நான்கு 440, மூடி 75, மண்புழு உரம் பத்துக் கிலோ 150, வைக்கோல் 60, விதை 30, மொத்தம் 755 ரூபாய், பஸ் டிக்கெட் தனி. வேப்பம் புண்ணாக்கு வீட்டில் இருந்தது. சாப்பிட்டது பன்னிரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. கடையில் வாங்கியிருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும், ஆனால் பானையும் மூடியும் அடுத்த வருஷத்துக்கும் இருக்கின்றன, விதை இனி வாங்க வேண்டியதில்லை.

அடுத்த தடவை மாற்றப்போவது: கொடிக்கு இரண்டு பானை வைத்து, இரண்டாவதை மூன்றடி தள்ளிக் கொடி ஓடும் திசையில் புதைப்பேன், வெளிவட்டம் ஊற்றும் வேலை குறையும். ஒரு பானைக்கு இரண்டு செடி வேண்டாம், ஒன்று போதும். பானைக்குள் தண்ணீரைத் தவிர எதுவும் போகாது, மீன் அமிலம் எல்லாம் மூடாக்குக்கு மேலேதான். பத்து நாளுக்கு ஒரு தடவை காலியானதும் நாரால் உள்ளே ஒரு தேய்ப்பு. மழை மேகம் தெரிந்தால் அன்றைக்குப் பானையைத் தொடக்கூடாது. ஜனவரி கடைசியிலேயே விதைத்துவிட்டால் அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும்.

போன வாரம் கொடியைப் பிடுங்கிவிட்டுப் பானைகளைத் தோண்டி எடுத்தேன். வெளிப்பக்கம் முழுக்க நூல் வலை போர்த்தின மாதிரி வேர் அப்பிக்கொண்டிருந்தது, தேய்த்தாலும் முழுசாகப் போகவில்லை, மூன்றும் இப்போது கிணற்றடித் தொட்டியில் புளித் தண்ணீரில் ஊறுகின்றன. விதைக்குக் கட்டிய இரண்டு பூவில் பழமானது முதல் பழம்தான், அதிலிருந்து 186 விதை. கழுவி நிழலில் ஒரு வாரம் காயவைத்து, அம்மா அடுப்புச் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் போட்டுவிட்டார்கள். ஐம்பது விதை பெரியப்பாவுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், கண்மாய் வற்றினதும் கரையோரம் போட்டுப் பார்க்கிறேன் என்கிறார்.